நாலு சட்டை வழிகாட்டி

என் வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அதைவிடப் பெரிய பதவி ஒன்று தனக்கு இருப்பதாக அவரே சொல்லிக்கொள்வார்: இளம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டி. யாருக்காவது வழிகாட்டுவதென்றால் மனுஷனுக்கு அப்படியொரு ஆசை. எங்கள் மகனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒருநாள் கூட்டிப் போனார். பிள்ளை சாய்ந்தபோது கை நீட்டிப் பிடிக்கவில்லை; எப்படி விழுந்தால் அடிபடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் கிழிந்து வந்தவனுக்கு நான் மருந்து போடும்போது, "சொன்னதைக் கவனிக்கவே இல்லை" என்று பக்கத்தில் நின்று அலுத்துக்கொண்டார். மகன் இப்போது எதுவானாலும் என்னிடம்தான் கேட்கிறான்.

பல்கலைக்கழகம் வழிகாட்டுத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. ஒரு பேராசிரியருக்கு ஒரு இளம் ஆய்வாளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். எழுதியதைப் படித்துத் திருத்த வேண்டும், எங்கே விண்ணப்பிக்கலாம் என்று சொல்லித்தர வேண்டும். பேசியதற்குச் சாட்சியாக ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். மற்றதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு மறந்துவிட்டது. படம் மட்டும் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது.

வருடக் கடைசியில் ஒருநாள் காலை, "நாலு சட்டை தேய்ச்சு வை. நாலும் வேற வேற கலரா இருக்கணும்" என்றார்.

"வெளியூர் போறீங்களா?"

"இல்லம்மா. வழிகாட்டுக் கூட்டம் நாலு பாக்கி இருக்கு. இன்னைக்கே முடிச்சிடலாம்னு பாக்குறேன்."

முடித்தும் விட்டார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையை மாற்ற வேண்டியது, வந்து உட்கார வேண்டியது, எதிரே அவருக்கு ஒதுக்கிய இளம் ஆய்வாளரான அந்தப் பெண். காகிதத்தில் எதையோ சுட்டிக்காட்டுவதுபோல் ஒரு படம். தாடையில் கை வைத்து யோசிப்பதுபோல் இன்னொன்று. அவளையும் மாற்றுத் துணி கொண்டுவரச் சொல்லியிருந்தாராம். அலுவலக உதவியாளர்தான் படம் பிடித்தார். ஒரு வருட வழிகாட்டல், டீ ஆறுவதற்குள் தீர்ந்துபோனது.

அவள் குளத்துப் பாசியை ஆராய்ச்சி செய்கிறவள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பாசிக்காரி என்றே பெயர். தற்காலிக வேலை. கணவனும் மகளும் வேறு ஊரில். இரவு முழுக்க ரயிலில் போனால்தான் முகம் பார்க்கலாம். துறையில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் இருவரையும் இங்கேயே கூட்டி வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியைத் தலைமுழுகிவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். தேர்வுக் குழுவின் முன்னால் வழிகாட்டி வந்து பேச வேண்டும் என்று விதி இருந்தது.

படம் எடுத்த அன்று மாலையே, மாற்றுத் துணிப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வலது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. ஆய்வகக் கண்ணாடி கிழித்துவிட்டதாம்.

"அக்கா, இது என் கட்டுரை. சார் ஒருதடவை படிச்சாப் போதும். தப்பு இருந்தா திட்டட்டும். குழுவில என்னைப் பத்திப் பேச அவருக்கும் ஏதாவது தெரியணும்ல."

உட்காரவைத்து டீ கொடுத்தேன். "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"தினமும் போன்ல ஒரே கேள்விதான்க்கா. பாசி வேலை முடிஞ்சிடுச்சாம்மான்னு கேப்பா."

கட்டுரையை அவர் கையிலேயே கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது, மேலே அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரம். முதல் பக்கத்தில் வட்டமாகப் பழுப்புக் கறை. படித்தீர்களா என்று கேட்டதற்கு, "இதெல்லாம் மேலோட்டமா பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். மேலோட்டமாகப் பார்த்தது பாத்திரம்தான்.

தேர்வு நாளன்று சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"இன்னைக்கு நான் பேசினதுல குழுவே அசந்து போச்சு. இந்தப் பொண்ணு என்கிட்ட வந்தப்போ உருப்படியா ஒரு வரி எழுதத் தெரியாது, நாலு பேர் முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்கும், அடிப்படையில இருந்து கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்ததே நான்தான்னு சொன்னேன். இன்னும் ரெண்டு வருஷம் என் கையில இருந்தா ஆளாயிடுவான்னும் சொன்னேன்."

"வேலை?"

"அது வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. நான் என்னால ஆனதைப் பண்ணிட்டேன்."

"ஒரு வரி எழுதத் தெரியாதவளுக்கு எவன் வேலை குடுப்பான்?"

"உனக்குப் புரியலை. அவ எவ்வளவு வளர்ந்திருக்கான்னுதானே சொன்னேன்."

"அவ எழுதினதை நீங்க படிக்கவே இல்லையே."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தண்ணி ஊத்து."

உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. தன்னைப் பீற்றிக்கொள்வதற்காக அவளைக் குப்பையாக்கிவிட்டு வந்திருக்கிறார். அதை உதவி என்று நம்பிக்கொண்டு சோறு பிசைகிறார். வெறும் அலட்டல் பேர்வழி, யாருக்கும் கெடுதல் செய்யத் தெரியாது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாசிக்காரி ஊருக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொண்டு போக வந்தாள். சார் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள் என்று நினைக்கிறேன். கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தேன். கறையைப் பார்த்தாள், பிறகு பையில் வைத்தாள்.

"என் பொண்ணுக்கு ஒரே சந்தோஷம்க்கா. பாசி வேலை முடிஞ்சிடுச்சுல்ல" என்றாள்.

நான் சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த வருடம் சிறந்த வழிகாட்டி விருது என் வீட்டுக்காரருக்குத்தான். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் நாலு படங்களையும் காட்டினார்கள். நாலு நிறத்தில் சட்டை. அவளும் நாலு உடையில் இருந்தாள். நாலிலும் அதே விரலில் அதே கட்டு. வருடம் முழுக்க ஆறாத காயமா என்று அந்த அரங்கில் ஒரு ஜென்மமும் கேட்கவில்லை. எல்லாரும் படித்தவர்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியில் இன்னொரு பேராசிரியரின் மனைவி. "அந்தப் பொண்ணு வரலையா?" என்று கேட்டாள்.

"வேலை கிடைக்காம ஊருக்குப் போயிட்டா."

"அடப்பாவமே. அப்போ சார் அடுத்த வருஷத்துக்கு வேற ஆள் பாக்கணுமே."

ஆள் கிடைத்தாள். எறும்புகளை ஆராய்கிற, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். இந்த முறை வருடக் கடைசிவரைகூடக் காத்திருக்கவில்லை. முதல் மாதமே, "நாலு சட்டை தேய்ச்சு வை" என்று வந்து நின்றார். ஒன்றை மட்டும் தேய்த்து மாட்டினேன்.

"மீதி மூணு எங்கே?"

"இது இன்னைக்கு. மூணு மாசம் கழிச்சு மறுபடி அவளைக் கூப்பிட்டு உக்காந்து பேசுங்க. அன்னைக்கு இன்னொண்ணு தேய்ச்சுத் தரேன்."

அவர் துவைத்துக் குவித்திருந்த துணிக்குள் கையை விட்டு மூன்று சட்டைகளை இழுத்தார். அப்படியே சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

அந்தப் படங்கள் இப்போது துறையின் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. முதல் படத்தில் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. மற்ற மூன்றிலும் கசங்கிப்போய்க் கிடக்கிறது. அந்தப் பெண்ணின் எதிரே இன்னும் மூன்று முறை போய் உட்கார்வதைவிட, கசங்கல் சட்டையோடு ஊர் முன்னால் நிற்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.