எலெனியின் நாக்குக்கடியில் வைத்த வெள்ளிக்காசு

பேய், ஆவி, சகுனம் என்று யாராவது தொடங்கினால் எழுந்துபோய்த் தேத்தண்ணி வைக்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில், டான்ஃபோர்த் பக்கம் ஒரு கிரேக்கர் வீட்டில், படுக்கையில் கிடந்த எலெனி அம்மாவைப் பராமரிக்கிற வேலை எனக்கு. என் கணவர் அப்போது ஊரில். அவரை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டுக்கொண்டே போனது. அதற்குள் சண்டை வந்து, அவரும் அவருடைய தம்பியும் இடம்பெயர்ந்து வன்னியில் எங்கேயோ இருக்கிறார்கள் என்பதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. காலையில் குங்குமம் வைக்கும்போதெல்லாம் மனுசன் இருக்கிறாரா இல்லையா என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்பேன்.

எலெனியின் புருஷன் யோர்கோ முன்பு பழைய நாணயம் விற்றவர். கடையை மூடின பிறகும் ஒரே ஒரு வெள்ளிக்காசை விடாமல் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் இத்தாலிக்குக் கப்பலேறிப் போன கிரேக்கர்கள் கட்டின மெற்றாபொன்டம் என்ற நகரத்துக் காசாம். ஒரு பக்கம் தானியக் கதிர் புடைத்திருக்கும், மறுபக்கம் அதே கதிர் குழிந்திருக்கும். நான் என் அரைகுறை இங்கிலீஷில் அது நெல் என்று சாதிப்பேன், கிழவர் "பார்லி, பார்லி" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எலெனி அம்மா போய்விட்டார். ஆட்கள் வந்து எடுத்துப்போக முன்னம், யோர்கோ அந்தக் காசை மனைவியின் நாக்குக்கடியில் வைத்தார். ஆற்றைக் கடத்திவிடுகிற ஓடக்காரனுக்குக் கூலியாம், அவர்களுடைய பழைய ஆட்களின் வழக்கமாம், சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். எனக்கு என்ன வந்ததோ, குசினிக்குப் போய் ஒரு பிடி அரிசி கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். செத்தவருக்கு வாய்க்கரிசி போடாமல் எப்படி விடுவது? அவர் வேதக்காரர், இது நம் சனத்தின் வீடு இல்லை என்பதெல்லாம் என் கைக்குத் தெரியவில்லை. கிழவரும் தடுக்கவில்லை.

முதல்தரம் போட்டேன். இரண்டாந்தரம் குனிந்தபோது, நம்பினால் நம்புங்கள், அந்த உதடு என் விரலைச் சுட்டது. விரலை இழுக்க முதல் அந்த வாய் மென்றது. காசு பல்லில் பட்ட சத்தம் கேட்டது. பார்த்தால் எலெனி இல்லை, என் மனுசன். ஒட்டின கன்னம், வழிக்காத தாடி, பசித்த வாய். ஐயோ, நான் கத்தவில்லை, ஓடவில்லை, மிச்ச அரிசியையும் ஊட்டினேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்க, எலெனி அம்மாதான் குளிர்ந்து கிடந்தார். யோர்கோ எதையும் காணவில்லை. ஆனால் காசின் சத்தம் அவருக்கும் கேட்டது.

பனி கொட்டத் தொடங்கின பிறகு, கணவரின் தம்பி கொழும்புக்கு வந்துசேர்ந்து போன் எடுத்தான்.

"அண்ணி, அண்ணை போயிட்டார். காய்ச்சல், மருந்து கிடைக்கேல்லை."

நாளைக் கேட்டேன். அதே வெள்ளிக்கிழமை. அங்கே பின்னேரம், இங்கே காலை.

"கடைசியா ஏதும் சாப்பிட்டவரோ?" என்றுதான் எனக்குக் கேட்க வந்தது.

"ஒண்டும் இறங்கேல்லை அண்ணி. ஆனா வெறும் வாயை மெண்டவர். நாக்குக்குக் கீழை என்னவோ கிடக்கிற மாதிரி ஒதுக்கி ஒதுக்கி மெண்டவர். பிறகு போதும் எண்ட மாதிரிக் கையைக் காட்டி, 'காணுமப்பா, காணும்' எண்டவர். ஆருக்குச் சொன்னவர் எண்டு தெரியேல்லை."

எனக்குத் தெரியும். என்னோடு பேசும்போதுதான் அவர் வாயில் அந்த 'அப்பா' வரும். போனைப் பிடித்தபடியே நிலத்தில் குந்தியிருந்து குழறி அழுதேன். உயிரோடு கிடந்த புருஷனுக்கு வாய்க்கரிசி போட்டேனோ, பட்டினி கிடந்தவருக்குக் கடைசிச் சோறு ஊட்டினேனோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று. கலியாணம் கட்டி நான் சோறு போட்ட ஒரு நாளும் அந்த மனுசன் போதும் என்று சொன்னதில்லை. இன்னும் ஒரு அகப்பை என்று சோற்றுக் கோப்பையை நீட்டுவார். வேகாத ஒரு பிடி அரிசி அவருக்கு எப்படிக் காணும்?