மெரினோ கிடாயும் மாட்டுப் பொங்கலும்

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். போன தேசத்தில் எத்தனையோ பார்த்திருப்பார். ஆனால் ஊர் திரும்பியதிலிருந்து வாய் ஓயாமல் பேசியது ஆடுகளைப் பற்றித்தான். மெரினோ என்று ஒரு ஜாதியாம். உடம்பு முழுக்கக் கம்பளியாம். வருஷத்துக்கு ஒரு முறை கத்தரித்து விற்கலாம். நம் ஊர்ச் செம்மறியோடு சேர்த்தால் குட்டிகளுக்குக் கறியும் நன்றாகப் பிடிக்கும் என்பார். எங்கள் ஊர் நெரவியே நெல்லைப் பற்றிப் பேசும்போது இவர் மட்டும் கம்பளியைப் பற்றிப் பேசினார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்படியொரு பைத்தியத்துக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அடுப்படியில் முணுமுணுத்துக்கொள்வேன்.

எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப்போன மறு வருஷம், ஆவணியில், கிடா வந்தே விட்டது. நீலகிரியில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த ஒருவர் ஒரு வருஷத்துக்கு நம்பிக் கொடுத்திருந்தார். கடற்கரைக் காற்று ஒத்துவந்தால் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் ஒரு கடிதம் போட வேண்டும், ஆள் வந்து ஓட்டிப்போவான் என்பது பேச்சு. இவருடைய ஆசை மொத்தமும் அந்த ஒரு கிடாயின் மேல் நின்றது.

டவுனில் கறிக்கடை வைத்திருந்த பாய் இவருக்குச் சிநேகிதர். ஆட்டின் முதுகைத் தொட்டே எவ்வளவு கறி தேறும் என்று சொல்லிவிடுவார். அவர் வந்து கம்பளிக்குள் கையை விட்டார். கை மணிக்கட்டு வரை போய்விட்டது.

“என்னாங்க இது, கை உள்ள போயிக்கிட்டே இருக்கு! ஆடு எங்கங்க இருக்கு?”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கிடாயின் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. புகுந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் வந்த பெண்ணைப்போல மிரண்டு நின்றது. எனக்குத் தெரியாத மிரட்சியா? அன்றிலிருந்து தவிடு வைப்பதும் தழை ஒடித்துப் போடுவதும் என் வேலையாயிற்று. நான் கொல்லைப் பக்கம் போனால் வந்து இடுப்பில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கும். அதை நான் நேசித்தேன், அதில் வெட்கம் என்ன?

ஐப்பசி, கார்த்திகை மழையில் இவர் அதன் மேல் ஒரு சொட்டு விழவிடவில்லை. கொட்டகைக்கு இரட்டைக் கீற்று வேய்ந்தார், ஈரம் தட்டாமல் நிற்கப் பலகை போட்டார். எங்களிடமிருந்த பத்துப் பெட்டை ஆடுகளும் சினை பிடித்தன. மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் மாட்டுப் பொங்கல் வந்தது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் நாலு கால் உள்ளது எதுவும் குளிக்காமல் தப்பாது. இவர் மணியும் மாலையும் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். ஊர் மாடுகளெல்லாம் பளபளவென்று திரும்பி வர, எங்கள் கிடா மட்டும் பிசுபிசுவென்று அழுக்கேறி நின்றது. மழையில் நனைவது வேறு, குளிப்பது வேறு என்பது என் நினைப்பு. அண்டாவில் வெந்நீர் போட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் என் தலைக்குத் தேய்க்கும் சீயக்காயை அதன் முதுகில் கொட்டி, பிசுக்குப் போகும் வரை தேய்த்தேன். பழுப்புத் தண்ணீர் வழிய வழிய எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பிசுக்குத்தான் அதன் உடம்புக்குக் காப்பு என்று யார் கண்டது?

குளித்த கம்பளி காயவில்லை. எத்தனை சேலையால் துடைத்தாலும் பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. பாரம் தாங்காமல் கிடா கால் மடங்கி உட்கார்ந்து நடுங்கியது. இவர் திரும்பி வந்து, “என்ன இப்படி நனைஞ்சிருக்கு?” என்று அலறியபோது எனக்கு நாக்கு குழறிவிட்டது.

“தூறல் போட்டுச்சுங்க” என்றேன்.

வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கிடாயைத் துடைக்க உட்கார்ந்தார்.

மறுநாள் கிடாய்க்கு இருமலும் காய்ச்சலும். தையற்கடைக் கத்தரியோடு பாயை அழைத்து வந்தார். கறிக்கடைக்காரரைப் பார்த்ததும் நான் அழ ஆரம்பித்தேன்.

“அறுக்க வரலம்மா, ஈரத்த எடுக்கத்தான் வந்திருக்கேன். அல்லா காப்பாத்துவான்” என்றார் பாய்.

பங்குனியில் முழுசாக எடுத்து மலைக்கு அனுப்பிக் காட்ட வேண்டிய கம்பளி, கண்டபடி வெட்டுப்பட்டுத் தரையில் கிடந்தது. இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பட்டாளத்துக் கோட்டைக் கொண்டுவந்து கிடாயின் மேல் போர்த்திவிட்டார். ஆறாம் நாள் அது என் கையிலிருந்து தவிடு தின்றது.

அன்று மத்தியானமே இவர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

“யாருக்குங்க கடுதாசி?”

“மலைக்காரருக்கு. கெடாய்க்கு இந்த ஊரு ஒத்துக்கல, வந்து ஓட்டிக்கிட்டுப் போங்கன்னு எழுதுறேன்.”

கையிலிருந்த தவிட்டுக் கூடையைக் கீழே வைத்தேன்.

“ஊரு மேல தப்பு இல்லங்க. மழையும் பெய்யல. நாந்தான் சீயக்கா போட்டுக் குளிப்பாட்டுனேன்.”

“தெரியும்” என்றார், தலை நிமிராமல். “வாசல்ல நீ போட்ட கோலம் ஒரு புள்ளி கலையாம இருந்துச்சே. நம்ம கொட்டாயில மட்டுமா மழை பேயும்?”

“தெரிஞ்சுக்கிட்டேவா இப்படி எழுதுறீங்க?”

“கம்பளி என்ன ஆச்சுன்னு அவரு கேப்பாருல்ல? பொண்டாட்டி செஞ்சான்னு எழுத எனக்குக் கை வரல.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் பொய்யைக் காப்பாற்ற இந்த மனுஷர் தன் ஆசையைத் தூக்கிக் கொடுக்கத் துணிந்துவிட்டார். கோபத்தோடு அழுகையும் வந்தது. பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்து கோணல்மாணலாக ஓடியது. ‘கிடாயைக் குளிப்பாட்டியது நான். ஊரின் மேல் குற்றமில்லை. கிடா இப்போது தீனி எடுக்கிறது. தயவுசெய்து எங்களிடமே விட்டு வையுங்கள்.’ அடியில் இவர் பெயரைப் போடாமல் என் பெயரைப் போட்டேன்.

பதில் வரப் பத்து நாளாயிற்று. கிடா இருக்கட்டும், குளியல் மட்டும் வேண்டாம் என்று மலைக்காரர் எழுதியிருந்தார். தபால்காரர் வழக்கம்போல அதை இவரிடம் நீட்டினார். இவர் வாங்கவில்லை, உறையின் மேலிருந்த என் பெயரைப் படித்துவிட்டு, “வீட்டுல இருக்காங்க, அவங்ககிட்ட குடுங்க” என்றார்.