சங்கிலிக்குப் பூசிய ஆட்டுக் கொழுப்பு

அப்பாவை நான் அத்தா என்றும், அம்மாவின் தம்பியை மாமு என்றும் கூப்பிடுவேன். மாமுவின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு. கிளம்பிவிட்டால் காற்றாய்ப் பறக்கும். அது நல்ல குணம். நடுரோட்டில் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றுகொள்ளும், அது மற்றது. மதுரையில் அத்தா வைத்திருந்த பஞ்சு மண்டிக்குச் சரக்குப் பார்க்க, மாமு அந்த வண்டியில்தான் கரிசல் காட்டு ஊர்களுக்கெல்லாம் போய்வந்தார். எந்த ஊருக்கும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. சேரும்போது கையும் கைலியும் கன்னங்கரேல் என்று இருக்கும். கல்யாண வயதில் ஒருவன் இப்படியா திரிவான் என்று அம்மா புலம்பிக்கொண்டே இருப்பாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தச் சமயத்தில் மாமுவுக்குப் பேரையூரில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. எங்களில் பெண் பார்க்கப் பெண்கள்தான் போவார்கள். அம்மா போய்ப் பார்த்தாள், மயங்கியே போனாள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நிக்காஹ் முடிந்த பிறகுதான். ஆனால் பெண்ணின் அத்தாவுக்கு மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ காதில் விழுந்திருந்தது.

“ரோட்டுல குத்தவச்சு வண்டி நோண்டுற ஆளுக்கா பொண்ணக் குடுக்க? வியாழக்கெழம காலையில பத்து மணிக்கு வரச் சொல்லுங்க. சொன்ன நேரத்துக்கு, உடுத்துன துணி அழுக்குப்படாம வந்து எறங்குனாருன்னா மேக்கொண்டு பேசுவோம்” என்று சொல்லியனுப்பிவிட்டார்.

ஆகவே புதன்கிழமை எங்கள் முற்றத்தில் வண்டிக்கு வைத்தியம் நடந்தது. மாமு சாக்கை விரித்து அதன்மேல் வண்டியின் உறுப்புகளைப் பரப்பினார். பிளக்கில் படிந்த கரியை உப்புத்தாளால் சுரண்டுவது ஒன்பது வயதான என் வேலை. அம்மாவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நாரும் மண்ணெண்ணெயுமாகச் சங்கிலியைத் தேய்த்துக் கழுவினாள். பாத்திரம் துலக்கிப் பழகிய கை. சங்கிலி வெள்ளியாய் மின்னியது. எல்லாம் சரி, பூச கிரீஸ் இல்லை. யுத்தத்தில் அது கடைகளில் கண்ணில் படவேயில்லை.

கொழுப்பைக் காய்ச்சி அதில் சங்கிலியை ஊறப்போட்டால் கண்ணிக்குக் கண்ணி உள்ளே இறங்கிவிடும் என்று யாரோ ஒரு லாரிக்காரர் மாமுவிடம் சொல்லியிருந்தார். பக்ரீத் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அடுக்களையில் ஒரு ஜாடி நிறைய ஆட்டுக் கொழுப்பு உருக்கி வைத்திருந்தாள் அம்மா.

“எடுத்துக்கடா தம்பி. அடுத்து சட்டி கேப்ப, அதையும் எடுத்துக்க. கல்யாணம் மட்டும் நடக்கட்டும், எனக்குப் புதுச் சட்டி ஒம் மாமனாரு வாங்கித் தருவாரு.”

எங்கள் வீட்டில் கொழுப்பை வெறுமனே உருக்குவது கிடையாது. மஞ்சள், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு எல்லாம் தட்டிப் போட்டுத்தான் உருக்குவார்கள். எங்களுக்குக் கொழுப்பு என்றாலே அதுதான். மசாலா சேராத கொழுப்பு என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுப்பில் சங்கிலி கொதிக்கக் கொதிக்க மணம் தெருவைத் தூக்கியது. எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு: கறி மணம் அடுத்த வீட்டை எட்டினால் ஒரு கிண்ணம் அனுப்பியாக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, “என்னக்கா, விசேசமா? மணம் இம்புட்டுத் தூக்குது!” என்றது. சங்கிலியை அனுப்ப முடியுமா? மானத்தைக் காப்பாற்ற, அம்மா அவசர அவசரமாகக் கறி வாங்கிவரச் சொல்லி, அந்தக் கொழுப்பிலேயே கொஞ்சம் ஊற்றிக் குருமா வைத்தாள். நாலு வீட்டுக்குக் கிண்ணம் போயிற்று. சாப்பிட்டு எழுந்த அத்தா, வண்டியை வாரம் ஒருமுறை இப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது என்று அபிப்பிராயம் சொன்னார்.

மறுநாள் மாமு வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டையில் புறப்பட்டார். பெண் வீட்டில் பெண்கள் இருக்கும் உள்கட்டு வரை போய்வர ஆள் வேண்டுமென்று என்னையும் பின்னால் ஏற்றிவிட்டார்கள். சங்கிலி ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. எனக்கு ஒரே குதூகலம். திருமங்கலத்தில் ஒரு நாய் எங்களைத் துரத்தியது. அதைத் தாண்டியதும் ஊருக்கு ஊர் நாய்கள் வந்தன. வண்டி வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் அவை பின்தங்கிவிட்டன. ஆனால் பேரையூர்த் தெருக்களில் வேகமாகவா போக முடியும்? பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது ஊர் நாய் மொத்தமும் எங்களைச் சூழ்ந்திருந்தது. மாமு இரண்டு காலையும் பெட்ரோல் டாங்கிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். அந்தக் கோலத்திலேயே, வாசலுக்கு வந்த பெரியவருக்கு மரியாதையாக சலாம் சொன்னார்.

பெரியவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பத்தாகவில்லை. துணியைப் பார்த்தார். பால் வெள்ளை.

“எறங்குங்க தம்பி.”

“எறங்க விட மாட்டேங்குதுகளே.”

“அம்புட்டு நாயும் ஏன் வண்டிய நக்குது?”

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். மாமுவுக்குப் பொய் வராது.

“சங்கிலிக்கு ஆட்டுக் கொழுப்புப் பூசியிருக்குங்க. அக்கா உருக்குனது. மசாலா போட்டது.”

ஜன்னல் தட்டிக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டும் சம்பந்தம் கெட்டுப்போயிற்றே என்று நினைத்தேன்.

நாய்களைக் குடையால் விரட்டிவிட்டு மாமுவை உள்ளே அழைத்துப் போனார்கள். என்னை உள்கட்டுக்கு இழுத்துப்போன அக்காதான் பெண். சிரித்துச் சிரித்து அவர் கண்ணெல்லாம் ஈரம்.

“வழியெல்லாம் காலத் தூக்கிக்கிட்டேவா வந்தாக?” என்று கேட்டார்.

நான் குருமாவிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுபடியும் சிரித்தார். கிளம்பும்போது என் காதோடு, “இனிமே நாய்ச் சத்தம் கேட்டாலே, அவுகதான் வாராகன்னு எனக்குத் தெரிஞ்சுபோகும்” என்றார்.

திரும்பும் வழியில் அதை அப்படியே மாமுவிடம் ஒப்பித்தேன். கேலி செய்கிறார்களே, இவருக்கு ரோஷம் வர வேண்டாமா? மாமுவோ கொஞ்ச தூரம் போனதும் விசிலடிக்க ஆரம்பித்தார், மதுரை வரும்வரை நிறுத்தவில்லை.

பொய் சொல்லாத பிள்ளை என்று பெரியவர் சம்மதம் சொல்லியனுப்பினார். நிக்காஹ் அறுவடை முடிந்து என்று முடிவாயிற்று. அதற்குள் மாமு எங்கிருந்தோ அலைந்து ஒரு டப்பா அசல் கிரீஸ் கொண்டுவந்துவிட்டார். மற்ற ஊர்களுக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் பூசினார். பேரையூருக்குப் பஞ்சு பார்க்கப் புறப்படும் நாளில் மட்டும், நான் கிரீஸ் டப்பாவை நீட்டினால் வாங்கமாட்டார்; கொழுப்பு ஜாடியைக் கேட்பார். அந்த வருஷம் பேரையூரில் அப்படி என்ன பஞ்சு விளைந்ததோ, வாரா வாரம் போனார்.

பட்டும் புத்தி வராத மனிதர் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. “அம்புட்டு நாயும் வருமேம்மா, மாமுகிட்டச் சொல்லேன்” என்று அம்மாவிடமே முறையிட்டேன். அம்மா தலை நிமிராமல் கொழுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கிராம்பை இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். இவளுக்கும் என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.