அறை வெப்பநிலையில் வைக்கவும்

1. எல்லாம் செத்தன

குன்னூரில் எங்கள் ஆய்வகத்தில் சேருபவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது கிரிஸ்பர் அல்ல. பழியை யார்மேல் போடுவது என்பதுதான். அதற்கென்று எங்களிடம் யோகேஸ்வரி இருந்தாள். கீழ் கோத்தகிரி எஸ்டேட் லைனிலிருந்து பஸ்ஸில் வரும் டெக்னீஷியன். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிய இருந்தது.

வேலை இதுதான். மனிதச் செல்களை வளர்க்கிறோம். ஒவ்வொரு செல்லிலும் ஏதோ ஒரு ஜீனை கிரிஸ்பர் என்ற ஜீன் கத்தரி வெட்டியிருக்கும். இந்தக் கூட்டத்துக்கு லைப்ரரி என்று பெயர். அதன்மேல் புற்றுநோய் மருந்தை விடுகிறோம். பெரும்பாலானவை சாக வேண்டும், கொஞ்சம் பிழைக்க வேண்டும். பிழைத்தவற்றில் எந்த ஜீன் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், மருந்து எதை நம்பி வேலை செய்கிறது என்று தெரியும்.

இந்தச் சோதனைக்கு ஸ்கிரீன் என்று பெயர். டிசம்பரில் முதலாவது. மருந்து விட்ட பிளாஸ்க்கில் ஒரு செல்கூடப் பிழைக்கவில்லை.

"அளவு தெரியாம ஊத்தியிருக்கா," என்றார் இயக்குநர். சென்னைக்காரர். குளிரைத் தவிர எல்லாவற்றையும் ஆராய்ச்சி செய்பவர்.

வயல் என்று நாங்கள் சொல்லும் அதே சின்னக் குப்பியில் மிஞ்சிய மருந்தை வைத்து இரண்டாவது ஸ்கிரீன். இம்முறை எதுவும் சாகவில்லை.

"இப்போ பயந்துக்கிட்டு கம்மியா ஊத்தியிருக்கா. கை சரியில்லம்மா. லைப்ரரி இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு. அதுவும் போச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கலாம்."

அவர் போனதும் யோகேஸ்வரி என்னிடம் வந்தாள். "பைப்பெட்டை நீங்களே செக் பண்ணுங்கக்கா. அது சரியா இருந்தா சொல்லுங்க, கையைக் கழட்டித் தர்றேன். அதையும் செக் பண்ணிடலாம்."

2. சந்தேகத்துக்குரியவர்கள்

பைப்பெட்: மருந்தை அளந்து உறிஞ்சும் குழாய். அதில் தண்ணீரை எடுத்து எடை போட்டேன். குற்றமற்றது.

கை: அதே பைப்பெட்டை அவளிடம் கொடுத்து மறுபடி எடை போட்டேன். குற்றமற்றது. கழற்ற வேண்டிவரவில்லை.

செல்கள்: எங்கள் எல்லோரையும்விட ஆரோக்கியம்.

மருந்து: இதை இயக்குநரே விசாரித்தார். வயலைத் தன் அறைக்கு வரவழைத்து, டீயை நிதானமாகக் குடித்து முடித்து, வெளிச்சம் படாமலிருக்கச் சுற்றியிருந்த ஃபாயிலைப் பிரித்து, "தெளிவா இருக்கு பாருங்க," என்றார். அவர் காலருகே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஆய்வகத்துக்கும் ஒன்று கேட்டிருந்தோம். பரிசீலனையில் இருந்தது.

3. எண்ணெய் பாட்டில்

மறுநாள் காலை வழக்கம்போலத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்தினேன். மார்கழியில் எங்கள் ஊரில் எண்ணெயை ஊற்ற முடியாது, தோண்டத்தான் முடியும். பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அன்று பஸ் போய்விட்டது.

எங்கள் மருந்து டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில் கரைத்தது. அது பதினெட்டு டிகிரி சுமாருக்கே உறைந்துவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து அறை வெப்பநிலையில் உருக விடவும் என்பது செய்முறை. எழுதியவர் சமவெளியில் இருந்திருப்பார். எங்கள் மேசையில் பதினைந்து டிகிரி.

புது வயல் ஒன்றை மேசையில் வைத்திருந்து, ஃபாயிலைப் பிரித்தேன். நடுவே வெள்ளைக் கட்டி, சுற்றிலும் கொஞ்சம் திரவம். மருந்து செறிந்த பகுதிதான் குறைந்த சூட்டிலும் முதலில் உருகும்; பாதி உருகினால் மருந்தில் பெரும்பங்கு அந்தத் திரவத்தில்தான் இருக்கும். ஃபாயிலுக்குள் கட்டி இருப்பது தெரியாமல் முதல் தடவை யோகேஸ்வரி எடுத்தது அந்தக் கடுங்கஷாயம். இரண்டாம் தடவைக்கு மிஞ்சியது கழுநீர்.

இயக்குநரிடம் போனேன்.

"சார், உங்க ரூம்ல ஹீட்டர் இருக்குங்க."

"அதுக்கென்ன?"

"லேப்ல இல்லைங்க. இங்க உருகுற மருந்து அங்க உருகலைங்க."

வயலை நீட்டினேன். கட்டியைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார். "நானே இதைச் சொல்லணும்னு இருந்தேன்," என்றார்.

4. கை சரியானது

புது வயலைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் முழுக்க உருக்கி, கலக்கி, யோகேஸ்வரியே கடைசி லைப்ரரியில் விட்டாள். பெரும்பாலானவை செத்தன. கொஞ்சம் பிழைத்தன. பிழைத்தவற்றில் ஒரே ஜீன் திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டிருந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

கையெழுத்துப் போடும்போது இயக்குநர் பெருந்தன்மையோடு சொன்னார்: "இப்போ கை பழகிடுச்சு பாத்தியா?"

"ஆமாங்க சார். மருந்தோட சேத்து அதையும் சுடுதண்ணில வெச்சேன்," என்றாள் யோகேஸ்வரி.

இளையவர்களுக்கு ஒன்று. செய்முறையில் அறை வெப்பநிலை என்று இருந்தால், யாருடைய அறை என்று கேளுங்கள். எங்கள் ஹீட்டர் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.