பெரம்பலூர் பஸ்ஸில் ஓர் ஒத்திகை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு நாள் காலை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் போகும் பஸ்ஸில் முண்டியடித்து ஏறி, ஜன்னல் ஓரமாக ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தேன். மடியில் பெரிய பை. மனசுக்குள் அதைவிடப் பெரிய பயம்.

அப்போது நான் வெளியூரில் ஒரு கல்லூரியில் நாடகம் படித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நாடகம்தான். நடிப்பது, எழுதுவது, மேடை அமைப்பது, விளக்குப் போடுவது எல்லாமே அதில் பாடம். எங்கள் ஊர் செந்துறைப் பக்கம். வீட்டில் முந்திரிக் கொல்லையும் மக்காச்சோளமும்தான் தெரியும். அழுது, அடம்பிடித்து, சாப்பிடாமல் கிடந்துதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். அப்பா ஒருவழியாகத் தலையாட்டினார். ஆனால் ஊரில் யார் கேட்டாலும் "பாப்பா கம்ப்யூட்டர் படிக்குது" என்றே சொல்லிவந்தார். என் காதுபடவே சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சண்டை போட்டால் உள்ளதும் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்வேன். வாயை மூடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கடைசி வருடப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் தானே ஒரு நாடகம் எழுதி, சொந்த ஊர்ப் பக்கமே எங்காவது மக்கள் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். நாங்கள் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூட மேடையைக் கேட்டு வாங்கியிருந்தோம். கூட நடிப்பவர்கள் முன்னாடியே போய்விட்டார்கள். நாடகத்துக்கு அம்மாவின் கூரைப்புடவை தேவைப்பட்டதால் நான் மட்டும் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போனேன்.

நாடகம் நன்றாக அமைந்தால், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நாடகம் நடத்தும் ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிடுவதாக எங்கள் மேடம் சொல்லியிருந்தார். வீட்டில் சம்மதம் மட்டும் வேண்டும். அங்கேதான் இடித்தது. "பரீட்சை முடிஞ்சதும் பொட்டியக் கட்டிக்கிட்டு வந்து சேரு. இத்தோட போதும்" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். நாடகத்தையாவது வந்து பாருங்கள் என்று அன்று காலையில் கூப்பிட்டேன். "கொல்லையில மருந்தடிக்கிற வேல கெடக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. வசனத்தை அமைதியான அறையில் மட்டும் சொல்லிப் பார்த்தால் போதாது. சத்தமும் கூட்டமும் உள்ள இடத்திலும் சொல்லிப் பார்க்க வேண்டும். அங்கே மறக்காவிட்டால் மேடையிலும் மறக்காது என்பார்கள். ஆனால் பஸ்ஸில் தனியாகப் பேசினால் சனங்கள் ஒரு மாதிரி பார்ப்பார்களே? அதனால் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவது போலப் பேசிப் பழகுவோம். எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேர் காதில் உள்ள போனில் எதிரே ஆளே இருக்காது.

என் நாடகத்தில் ஒரு பெண் கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டைவிட்டுக் கிளம்புவாள். வழியிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்வாள். அவள் போவது ஒரு வேலையில் சேர. அது கடைசிக் காட்சியில்தான் தெரியவரும். அந்தப் போன் பேச்சு சரியாக வந்தால் நாடகம் நிற்கும், இல்லையென்றால் படுத்துவிடும். பஸ் அரியலூரைத் தாண்டியதும் போனைக் காதில் வைத்தேன்.

"அப்பா, என்னத் தேடாதீங்க. நான் கெளம்பிட்டேன். அம்மாவ அழ வேணாம்னு சொல்லுங்க. என்னால உங்களுக்கு அவமானம்னா, நான் உங்க பொண்ணுன்னு யாருகிட்டயும் சொல்ல வேணாம்ப்பா."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிப்புக்காக வரவழைத்தது இல்லை. அந்த வரியை எழுதும்போதே அது என் வரி என்று எனக்குத் தெரியும்.

பக்கத்து சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இருந்தார். கல்லங்குறிச்சிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு பெரம்பலூரில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் போனை இறக்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்பப்பா, என்ன பிடி!

"யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ? எவன நம்பிக் கெளம்பிட்ட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேதான் காரியம் கெட்டது.

"சிரிக்கிறா பாரு! பெத்தவங்க வயித்துல நெருப்ப அள்ளிக் கொட்டிட்டு சிரிக்கிறா!"

"ஐயோ அம்மா, அது நாடகம்மா. நான் நாடகம் படிக்கிறேன். வசனம் சொல்லிப் பாத்தேன்."

"ஆமா, கையும் களவுமா புடிச்சா எல்லாம் நாடகந்தான்."

அதற்குள் முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் திரும்பிவிட்டது. யாரோ ஒருவர், அந்தப் பையில் என்ன இருக்கு என்று கேட்டார். எனக்கு ரோஷம் பொங்கிவிட்டது. "பாத்துக்குங்க, நல்லா பாத்துக்குங்க!" என்று பையை நானே அகலமாகத் திறந்தேன். உள்ளே என்ன வைத்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. கூரைப்புடவை, மேலே இரண்டு மாலை, அதற்கு மேலே மஞ்சள் மினுங்க ஒரு தாலிக்கயிறு. மாலை இரண்டும் பிளாஸ்டிக் பூதான். ஆனால் அந்த நேரத்தில் யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

"அடிப் பாவி!" என்றார் அந்த அம்மா.

கல்லூரி அட்டையை எடுத்து நீட்டினேன். அதில் நாடகம் என்று ஒரு எழுத்துகூட இல்லை. "காலேஜ் புள்ளைங்கதானே ஓடுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேடத்துக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கண்டக்டர் வந்து பையை எட்டிப் பார்த்துவிட்டு, "பெரம்பலூர் ஸ்டேஷன்ல எறக்கி வுட்டுடலாம். அவங்க விசாரிச்சுக்கட்டும்" என்றார். ஸ்டேஷனில் உட்கார வைத்தால் நாடகம் போச்சு. பரீட்சை போச்சு. மிச்சம் இருக்கிற ஒரே நூலும் அறுந்துபோகும்.

"பெத்தவர்கிட்டயே கேட்டுப்புடுவோம். அப்பா நம்பரச் சொல்லு. எந்த ஊரு நீ?" என்றார் அந்த அம்மா.

ஊரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அட! எங்க ஓரகத்திக்கு அந்த ஊருதான்."

எனக்கு உயிர் பாதி போய்விட்டது. இனி அப்பா என்ன சொன்னாலும் பொழுது சாய்வதற்குள் அது ஊருக்குப் போய்விடும். நாடகம் படிக்கிறாள் என்று சொன்னால் அவர் இத்தனை நாள் மறைத்தது அம்பலமாகும். கம்ப்யூட்டர் என்று சொன்னால் நான் பொய்க்காரி ஆவேன், பஸ் நேராக ஸ்டேஷனுக்குப் போகும். அப்பா எதைச் சொல்வார்? உண்மையைச் சொல்கிறேன், கம்ப்யூட்டர் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் நம்பரைக் கொடுத்தேன்.

அந்த அம்மா தன் போனில் அடித்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, நான் பெரம்பலூர்க்காரி பேசுறேன். உங்க பொண்ணு எங்ககூட பஸ்ஸுல இருக்கு. பதறாதீங்க, ஆளு பத்திரமா இருக்கு. பையில மாலை, தாலிக்கயிறு எல்லாம் வச்சிருக்கு. இப்பத்தான உங்களுக்குப் போன் போட்டு, தேடாதீங்கன்னு அழுதுச்சு?"

"எனக்கு ஒரு போனும் வரலையேம்மா" என்றார் அப்பா.

"கேட்டா நாடகம் படிக்கிறேங்குது. என்னால அவமானம்னா நான் உங்க பொண்ணுன்னு யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு சொல்லிச்சுண்ணே. எங்காதால கேட்டேன்."

அந்தப் பக்கம் மருந்தடிக்கும் மெஷின் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது நாடகத்துல வர்ற பேச்சும்மா." அப்பாதான் சொன்னார். "எம் பொண்ணு நாடகந்தான் படிக்குது. இன்னக்கிப் பெரம்பலூர்ல அதுக்குப் பரீட்ச. செத்த பத்திரமா கொண்டுபோயி வுட்டுடுங்க."

"நாடகத்துக்குன்னு ஒரு படிப்பா அண்ணே?"

"இருக்கும்மா. காலேஜிலயே இருக்கு. நடிக்கிறது, எழுதுறது எல்லாம் சொல்லித் தராங்க. இது அதுவே சொந்தமா எழுதுன நாடகம்."

நான் எழுதியது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அப்படியென்றால் என்னைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். என்னிடம் மட்டும்தான் கேட்கவில்லை. அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். இந்த முறை யாரும் சந்தேகப்படவில்லை.

"ஏ புள்ள, இப்படியா அழுது பழகுறது? எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப்போச்சு" என்று அந்த அம்மா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அடுத்த நிமிடமே, "சரி, அந்தப் பொண்ணு எங்கதான் போவுது? சொல்லு" என்றார். வந்து பாருங்கள் என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர், "நாங்க மட்டும் டூட்டி முடிச்சுட்டு யாருகிட்ட கதை கேக்கறது?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சொன்னபடியே மதியம் அந்த அம்மா வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். போன் காட்சி வந்தது. எல்லாம் சொன்னேன். உங்க பொண்ணுன்னு யாருகிட்டயும் சொல்ல வேணாம் என்கிற அந்த ஒரு வரி மட்டும் வாயில் வரவில்லை. மறக்கவில்லை, வரவில்லை. ஒரு நொடி மேடையில் அப்படியே நின்றேன். பிறகு, "யாராவது கேட்டா, எம் பொண்ணு வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்கப்பா" என்று சொல்லி முடித்தேன். முன் வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்த அம்மாதான்.

பரீட்சை நடக்கும்போது வசனத்தை மாற்றலாமா, கடைசிக் காட்சி ரகசியத்தை முன்னாடியே உடைக்கலாமா என்று மேடம் பிடித்துக்கொண்டார். பஸ் கதையைச் சொன்னேன். முறைத்துப் பார்க்க முயன்று, முடியாமல் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் அப்பாவே போன் செய்தார். முடிஞ்சுதா என்றார். சாப்பிட்டியா என்றார். பிறகுதான் சொன்னார்: "மருந்தடிக்க வந்த ஆளுங்க எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நம்ம ஊர்லயும் போடச் சொல்லு, நாங்களும் பாக்குறோங்கிறாங்க. அடுத்த தடவ போடுறப்ப முன்னாடியே சொல்லு பாப்பா. கொல்ல வேலைய நான் ஒதுக்கி வச்சுக்குவேன்."

இத்தோடு போதும் என்றவர் வாயிலிருந்து அடுத்த தடவை என்று வந்தது. நான் சம்மதம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

இப்போது நான் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து நாடகம் செய்கிறேன். அன்று ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய அந்த நாடகத்தில் போனின் இந்தப் பக்கத்தில் இருக்கிற மகளுக்குப் பக்கம் பக்கமாக வசனம் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற அப்பாவுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் தன் வரியைத் தானே சொன்ன அந்தப் பஸ் பயணத்துக்குப் பிறகு, நான் யாரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் எதிரே இருப்பவருக்கும் பேச இடம் விட்டுத்தான் எழுதுகிறேன்.