முழங்கால் மடியும் பாட்டு

ஒடுகத்தூர் சைபுல்லாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவற்றில் இருபத்தெட்டு ஆண்டுகளை அவர் மைக் செட்டுக்குக் கொடுத்திருந்தார். குழாய் ஒலிபெருக்கிகள் இரண்டு, ஆம்ப்ளிபயர் ஒன்று, பேட்டரியில் ஓடும் ரிகார்டு பிளேயர் ஒன்று, இசைத்தட்டுகள் அடுக்கிய தகரப்பெட்டி ஒன்று. இவையே அவருடைய உடைமை. எந்த வீட்டு விசேஷமானாலும் முதல் தட்டு பிள்ளையார் பாட்டுத்தான். அதைத் தம் கையால் வைத்த பிறகே மற்றவற்றைத் தொடுவார். அவர் மைக் செட் கொண்டுபோகும் மலையூர்களில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பாரில்லை. பாய் என்றாலே அவர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு வைகாசியில், புதூர்நாட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூருக்கு அவர் புறப்பட்டபோது மனைவி சலீமா வாசலை மறித்து நின்றாள்.

"முட்டி வீங்கிக் கெடக்குது. இந்தக் காலோட மல ஏறணுமா?"

"இதான் கடைசி. வேடியப்பனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அந்தப் பாட்டு இன்னும் கெடைக்கலியே. வெறுங்கையோட போயி இன்னா பண்ணப்போறீங்க?"

அவர் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கதை பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தியது. வேடியப்பன் பாஞ்சாலையை மணந்தபோது, மொத்தமாக வாங்கிய பழைய தட்டுகளுக்கிடையே கிடந்த ஓர் ஆங்கிலப் பாட்டைச் சைபுல்லா விளையாட்டாக வைத்தார். அன்று மூன்றாம் நாள் விருந்து. சாராயமும் சற்று உள்ளே போயிருந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஆடினார்கள். முன்னே மூன்றடி, பின்னே ஓரடி, பிறகு முழங்காலை மடக்கி நிமிர்தல். அந்த மகிழ்ச்சி முடியுமுன்பே பேட்டரி அடங்கிப்போயிற்று. பெண்ணை வழியனுப்பப் பாட்டில்லை. அந்த அவமானத்துக்குப் பிறகு சைபுல்லா இரண்டு பேட்டரி இல்லாமல் மலையேறியதில்லை. முதலாவது தளருமுன்பே இரண்டாவதை மாற்றிவிடுவார்.

அந்தக் கல்யாணம் முடிந்து இறங்கும் வழியில் ஜீப் குலுங்கி ஆங்கிலத் தட்டுகள் இரண்டு உடைந்தன. மறு ஆண்டு திருவிழாவில் மிஞ்சியிருந்த ஆங்கிலத் தட்டை வைத்தபோது வேடியப்பன் உதட்டைப் பிதுக்கினார்.

"இது இல்ல பாய். குரலு அதுமாரிதான் கீது. ஆனா இது ஓடுது. அது நடந்துச்சி."

அப்படியானால் உடைந்ததே அந்தப் பாட்டு என்று சைபுல்லா முடிவுகட்டினார். மிஞ்சிய தட்டைக் காட்டிச் சென்னை மூர் மார்க்கெட்டில் விசாரித்தார். அமெரிக்காவில் கார் கொட்டகைகளில் கூடிக் கிடார் பழகிய பையன்களின் பாட்டு அது என்றும், பல குழுவினர் அதைத் தத்தம் போக்கில் பாடியிருக்கிறார்கள் என்றும் கடைக்காரர் சொன்னார்.

"ஒரே பாட்டயா இத்தன பேரு பாட்றாங்க?"

"ஒரே சாம்பார ஊருக்கு ஒரு ருசியா வெக்கலியா பாய்?"

அன்றுமுதல் தேடல். கிடைத்த தட்டையெல்லாம் மலைக்குக் கொண்டுபோய் வேடியப்பனின் காதுக்கு வைப்பார். முதலில் மிஞ்சியிருந்த பழைய தட்டில் பாடியவன் எதிர்க்குன்றில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல் கத்தினான். கிடாருக்குச் சுருதி சேரவில்லை. லண்டன் குழுவின் தட்டில் ஒரு பிசிறும் கிடையாது. அதைக் கேட்டு, "கஞ்சி போட்ட சட்டமாரி கீது" என்றார் வேடியப்பன். மூன்றாவதில் குரலே இல்லாமல் ஆர்கன் மட்டும் ஒலித்தது. "பாட்றவன் எங்க, சாப்புடப் போய்ட்டானா?" சென்னை ஓட்டலொன்றில் வாசித்த குழுவின் தட்டு நான்காவது, அது நிதானமாகப் போயிற்று. வேடியப்பன் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"கிட்ட வந்துட்டீங்க. ஆனா இவன் உக்காந்துகினு பாட்றான். அவன் நின்னுகினு கத்துனான்."

அதற்குப் பிறகு ஐந்தாவது தட்டு அகப்படவில்லை.

இப்போது வேடியப்பனின் மகள் செந்தாமரைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சக்கரவர்த்தி திருப்பத்தூரிலிருந்து டேப் செட் கொண்டுவரலாம் என்றிருந்தான். "எங் கல்யாணத்துப் பாட்டுதான் எம் பொண்ணுக்கும். பாய் கொண்டாருவாரு" என்று வேடியப்பன் சபையில் சொல்லிவிட்டார். பாட்டு வராவிட்டால் தலைகுனிவது அவர்தான்.

தாலி ஏறியதும், "போடுங்க பாய்" என்றார் வேடியப்பன். சைபுல்லா ஓட்டல் குழுவின் தட்டை வைத்தார். நாலு பேர் எழுந்து, இரண்டு சுற்று ஆடி உட்கார்ந்தார்கள். லண்டன் தட்டுக்கு யாரும் எழவில்லை. ஆர்கனுக்கு மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள்.

"மாமா, இதுக்கா எங்க டேப் செட்ட வாணான்னீங்க?" என்றான் சக்கரவர்த்தி. வேடியப்பன் பந்தியைக் கவனிக்கப் போனார்.

பிற்பகல் முழுவதும் சினிமாப் பாட்டு ஓடியது. பேட்டரியை மாற்றும் நேரம் கடந்துவிட்டதைச் சைபுல்லா அறிவார். ஆனால் குனிந்து கம்பிகளைக் கழற்றி மாட்ட முழங்கால் இடங்கொடுக்கவில்லை. இன்னும் ஒரு தட்டு, இன்னும் ஒரு தட்டு என்று தள்ளிப்போட்டார். பெண்ணை அனுப்பும் வேளை நெருங்கியது. வைப்பதற்கு வேறில்லாமல், என்றோ தள்ளப்பட்ட அந்தப் பழைய தட்டையே எடுத்து வைத்தார்.

பாட்டு கனத்த காலோடு நடந்து வந்தது. பந்தலின் ஓரத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாஞ்சாலை நிமிர்ந்தாள். வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மூன்றடி முன்னே, ஓரடி பின்னே, முழங்கால் மடக்கு. வேடியப்பன் பந்தியை விட்டு ஓடிவந்தார். அவர்கள் வயதொத்தவர்கள் ஒவ்வொருவராய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

சைபுல்லா அவர்களைப் பார்க்கவில்லை. பாட்டு இழுபடுவதுதான் அவர் காதில் விழுந்தது. தொழில்காரருக்கு அது மானக்கேடு. பல்லைக் கடித்துக் குனிந்து, கம்பிகளைப் புதுப் பேட்டரிக்கு மாற்றினார். பாட்டு துள்ளி ஓடியது. மடங்கிய முழங்கால்கள் நிமிரும் முன்பே அடுத்த அடி வந்துவிட்டது. ஆடியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யோவ் பாய், நல்லாப் போய்ட்டிருந்த பாட்ட இன்னாத்துக்கு மாத்துன?" என்றார் வேடியப்பன்.

"மாத்தல கவுண்டரே. அதே தட்டுதான்."

சொல்லி முடித்தபோதுதான் சைபுல்லாவுக்குப் புரிந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பும் பேட்டரி தளர்ந்துதான் இந்தப் பாட்டு நடந்திருக்கிறது. பழைய பேட்டரிக்கே கம்பிகளைத் திருப்பி மாட்டினார். அது ஒருமுறை முனகி அடங்கிவிட்டது. மீண்டும் புதுப் பேட்டரியை இணைத்தார். ஊசியைத் தட்டின் தொடக்கத்தில் வைத்தார். பிறகு ஆள்காட்டி விரலைத் தட்டின் விளிம்பில் மெல்ல அழுத்தினார். பாட்டு ஓட்டத்தை விட்டு நடைக்கு இறங்கியது.

பாஞ்சாலை மகளின் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தாள். சற்று நேரம் கழித்துச் சக்கரவர்த்தியும் வந்தான். அவனுக்கு அடி தப்பியது, மாமியார் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

"இன்னொரு தபா, பாய்."

ஐந்தாம் முறை ஓடும்போது வேடியப்பன் வியர்வையைத் துடைத்தபடி அருகில் வந்து உட்கார்ந்தார்.

"கடைசில எங்க கண்டுபுடிச்சீங்க?"

"என் வூட்லயேதான் இருந்திச்சி."

"அப்புறம் இன்னாத்துக்கு இத்தினி வருசம் அலஞ்சீங்க?"

சைபுல்லா தலையை மட்டும் அசைத்தார். பேசினால் கை அசையும். கை அசைந்தால் பாட்டு ஓடும். ஆள்காட்டி விரல் காந்தத் தொடங்கியிருந்தது. பாட்டின் நடை மாறாமல் நடுவிரலை விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டு, ஆள்காட்டி விரலை எடுத்துக்கொண்டார்.