ஏற்றத்தில் நின்ற ஏசி

என்னைக் கட்டுவதற்கு முன்பே என் கணவரிடம் ஒரு கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகக் கிடக்கிற, துணிக்கூரை போட்ட பழைய சீமைக் கார். பந்தயக் கார் ஜாதி. போடியில் அது போனால் டீக்கடையில் இருப்பவர்கள் கிளாசோடு வெளியே வந்து பார்ப்பார்கள். நான் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். அவரும் ஒருநாள்கூட மறுத்ததில்லை.

தோட்டத்து ஜீப் உருண்டு அவருக்குக் கழுத்தில் அடிபட்ட பிறகு, சக்களத்தி கொட்டகையில் கிடந்தாள், அவர் கட்டிலில் கிடந்தார். தோளும் முழங்கையும் கொஞ்சம் அசையும். விரல் மடங்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, கழுத்துக்குக் கீழே உடம்பு வேர்க்காது. நமக்கு வேர்த்தால் சூடு இறங்கிவிடும். அவருக்கு உள்ளேயே தங்கும். வெக்கையில் விட்டால் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்து என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவரோ, "அன்னைக்கே என்னைய விட்டுருக்கலாம்" என்று காலைக் காப்பியோடு தினமும் ஒருமுறை சொல்வார். முதலில் அழுதேன். பிறகு எரிச்சல் வந்தது. கடைசியில், நிஜமாகவே இந்த மனுஷனுக்கு உயிரோடு இருக்க இஷ்டமில்லையோ என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரிடம் கேட்பது? அவரிடமே கேட்கவும் தைரியமில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள், "மேல ஏலத்தோட்டத்தப் போயிப் பாக்கணும்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஏசி வைத்த கார் ஒன்று வீட்டில் நின்றது. "அதுல ஏற மாட்டேன். நோயாளியாட்டம் போயி எறங்க மாட்டேன். என் வண்டிதான். நீ ஓட்டு" என்றார்.

அந்தக் காலத்து வண்டியில் ஏசி ஏது? ஏசி வைத்தால் பழைய எஞ்சின் இழுக்காது. ஆக எஞ்சினையும் மாற்ற வேண்டும். அவருடைய மெக்கானிக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஜப்பான் எஞ்சினைக் கொண்டுவந்து, எங்கள் கொட்டகையிலேயே வைத்து வேலையை ஆரம்பித்தார். அதிகாலைக் குளிர்ச்சியில் இவரை நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் அங்கே விடுவேன். எஞ்சின் பெரிசு, இடம் சிறுசு. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சரையும் வைத்ததில் காற்றுப் போக வழியில்லை என்று இருவருக்கும் ஓயாத சண்டை. இவர் கத்துவது அடுப்படி வரைக்கும் கேட்கும். எனக்கு அது காதில் தேன் பாய்வது போலிருக்கும்.

புறப்பட்ட நாள் சித்திரை மாதம். அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, தூக்கி உட்கார வைத்து, பெல்ட் போட்டு முடிப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. சக்கர நாற்காலியைத் தோட்டத்து ஜீப்பில் முன்னாலேயே அனுப்பியிருந்தோம். மலையடிவாரத்து முந்தல் தாண்டும்வரை ஏசி ஜில்லென்று இருந்தது. "எப்படி என் வண்டி?" என்றார். "நீங்களும் சக்களத்தியும் சேந்து என்னையக் கிழவியாக்கிட்டீங்க" என்றேன்.

மலையேறத் தொடங்கியதும் ஒரு லோடு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டோம். முந்த வழியில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்தோம். சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே போனது. ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது ஏசி நின்றுவிட்டது. காற்று வந்தது, ஆனால் அனல் காற்று. சுவிட்சைத் தட்டினேன், திருகினேன். ஒன்றும் ஆகவில்லை. ஓரம்கட்டிக் கூரையை இறக்கினேன். பாறையெல்லாம் தகித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

போனில் கொஞ்சம்தான் சிக்னல் இருந்தது. மெக்கானிக் எடுத்தார்.

"பயப்படாதீங்க மதினி. எஞ்சின் சூடேறுனா ஏசி தன்னால நிக்கிற மாதிரி வச்சுருக்கேன். ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தி ஆற விடுங்க. அரைமணி நேரத்துல தன்னால வந்துரும்."

பெருமையாகவே சொன்னார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்து டிரைவர்கள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி, முந்தலில் ஏசியை அணைத்துவிடுவார்கள். எஞ்சினைக் காப்பாற்ற வேண்டும், மேலேதான் குளிருமே, ஏசி எதற்கு? இந்த ஏசி எதற்காக வைக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கை பழக்கத்தில் எஞ்சினுக்குத்தான் காவல் வைத்திருந்தது.

அரைமணி என்னிடம் இல்லை. ரேடியேட்டருக்கென்று கொண்டுவந்த தண்ணீர் கேனைத் திறந்து, என் கணவரின் தலையிலும் நெஞ்சிலும் மொத்தமாகக் கொட்டினேன்.

"ஏய்... எஞ்சினுக்குடி அது" என்றார். நாக்குக் குழறியது.

"தம்பி, ஏசிய நிப்பாட்டுற அந்த ஏற்பாட்ட எப்படி எடுக்குறது? வெரசா சொல்லுங்க."

"எஞ்சின் போயிரும் மதினி!"

"போகட்டும்யா!"

ரேடியேட்டர் ஓரம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், இரண்டு வயரையும் உருவி ஒன்றாக முறுக்குங்கள் என்றார். பானட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. புறங்கை சுட்டது. உருவி முறுக்கினேன்.

"வேணாம்டி. ஆறட்டும். நான் இருந்துக்கிறேன்" என்றார்.

வண்டிமேல் உள்ள பாசத்தில் சொல்கிறாரா, இல்லை, இதுதான் சாக்கு என்று கிளம்பப் பார்க்கிறாரா? "வாய மூடுங்க" என்று கத்திவிட்டுக் கூரையை ஏற்றி வண்டியை எடுத்தேன். குளிர்ந்த காற்று வந்தது. முள் சிவப்புக்குப் போய்விட்டது. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம். அவர் கண்ணை மூடியிருந்தார். நல்லவேளை, முன்னால் லாரியும் இல்லை. அழுதுகொண்டே ஓட்டினேன். கண்ணைத் துடைக்கவும் கை இல்லை, வளைவுக்கு மேல் வளைவு.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. பார்த்தேன். அவருடைய கை மெல்ல எழுந்து டேஷ்போர்டுக்குப் போனது. விரல் உதவாத அந்தக் கையின் விளிம்பால், ஏசிக் காற்று வரும் வாயைத் தட்டித் தட்டித் தன் முகத்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ஒருமுறை வழுக்கியது. மறுபடி தூக்கினார். காற்று முகத்தில் பட்டதும் வாயைத் திறந்து அப்படியே இழுத்தார்.

நான் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தேன்.

மலையுச்சியில் இருக்கிற போடிமெட்டுக்கு இரண்டு வளைவு கீழே எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் செத்தது. கல்லெடுத்துச் சக்கரத்துக்கு அடை கொடுத்துவிட்டுக் கூரையை இறக்கினேன். மலை மேலிருந்து குளிர்காற்று இறங்கி வந்தது. ஈரச் சட்டையில் அது பட்டு அவர் உடம்பு நடுங்கியது. நெற்றியைத் தொட்டேன். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்து ஜீப்புக்குப் போன் போட்டேன். இனி ஆட்கள் வந்து, அவர் எப்படிப் போக மாட்டேன் என்றாரோ அப்படியே, நோயாளியாட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அவர் ஆவி பறக்கும் பானட்டைப் பார்த்தார். பழைய கோபம் முகத்தில் ஏறியது.

"ரேடியேட்டரப் பெருசா வையின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டானா அவன்? அடுத்த எஞ்சின நான் சொல்ற மாதிரிதான் வைக்கணும்."

ரோட்டோரத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.